ஒன்பதாவது கணவாய்க்கு ஒரு டிக்கெட்

இன்றைக்குக் கண்டக்டர் மெஷினிலிருந்து கிழித்துத் தந்த டிக்கெட்டின் கடைசி இலக்கம் பூச்சியம். வத்தேகம பஸ்ஸில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூச்சியமேதான். "அடியே, எனக்குப் பூச்சியம் விழுந்திருக்கு!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பேசியது உன்னோடு. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது.

தோளில் தொங்கிய பையில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. காலையில்தான் தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து வாங்கினேன். பையின் வாயைத் திறந்தால் புது மையும் பசையும் மணக்கிறது. இருபது வருஷமாக அச்சுக்கடையில் வேலை செய்கிறவளுக்கு அந்த மணம் புதிதா? ஆனாலும் கந்தோர் வாசலிலேயே நின்று மூக்கை உள்ளே விட்டு மூன்று தடவை இழுத்தேன். அட்டையில் மலைகள், மலைகளுக்கு நடுவே ஒரு பாதை. ‘ஒன்பது கணவாய் நாடு’ என்று பெரிய எழுத்தில். கீழே இரண்டு பெயர்கள், உன்னுடையது மேலே. முதல் பிரதியை, நானா என்று நீ கூப்பிடும் உன் அண்ணனின் கையில் கொடுக்கத்தான் மடவளைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் கையில் கொடுத்திருக்க வேண்டிய பிரதி அது.

உனக்கு நினைவிருக்கும், நாம் அறிமுகமானதே ஒரு விபத்தில்தான். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கடைக்கு, சுருட்டிய தாளொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாய். நீ கையால் வரைந்த மலைநாட்டு வரைபடம். பெரிதாக்கிப் பிரதி எடுக்கவேண்டும் என்றாய். நான் மெஷினில் விட்டேன். மெஷின் அதன் வடகிழக்கு மூலையைத் தின்றுவிட்டது. கருப்பு மை படிந்த தாள்தூளாக மூலை வெளியே வந்தது. ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து ஒட்டிப் பார்த்தேன், முடியவில்லை. நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். நீயோ ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கெடக்கட்டும் புள்ள. அங்க இன்னும் யாரும் போகல்ல" என்றாய்.

"எங்க?"

"நீ தின்ன மூலைக்கு. சரி, ஒண்ட ஊரு எங்க?"

கண்டி டவுன்தான் என்று எல்லோருக்கும் சொல்லிவந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். குற்ற உணர்வில் உண்மை வந்துவிட்டது. மடுல்கெல்லப் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றேன். நீ வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாய். "பாரு, வடகிழக்கு. ஒண்ட ஊரத்தான் நீ தின்னீக்கிற. அப்ப அந்த மூலைக்கு நீதான் போகணும். ஞாயித்துக்கெழம எங்கட மடவள கடைக்கு வா. வரக்கொள்ள பஸ் டிக்கெட்ட வீசிராத."

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் துணிக்கடைக்கு மேலே இருந்த அறையில் எனக்காக ஒரு கதிரை போட்டிருந்தாய். நீ, நான், கண்டியில் வங்கி வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணன். நீ ஒரு கற்பனை நாட்டைக் கதையாகச் சொல்வாய், நாங்கள் உட்கார்ந்தபடியே அதில் ஆளுக்கொரு மனிதராக நடப்போம். பள்ளம் தாண்டவோ காவல்காரனை ஏமாற்றவோ வேண்டிவந்தால் அதிர்ஷ்டம் பார்க்கவேண்டும். வெளிநாடுகளில் அதற்குப் பத்துமுகத் தாயக்கட்டைகள் இருக்கின்றன என்றாய். நமக்கு அது எங்கே கிடைக்கும்? பஸ் டிக்கெட்தான். வாரம் முழுக்கச் சேர்த்த டிக்கெட்டுகளை மடித்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுக்கவேண்டும். கடைசி இலக்கம்தான் உன் அதிர்ஷ்டம். பூச்சியம் என்றால் முழுப் பத்து. எடுத்துப் பார்த்ததும் கிழித்துவிட வேண்டும். ஒரு டிக்கெட் ஒரு தடவைதான்.

தனியார் பஸ்ஸில் டிக்கெட் தரமாட்டார்கள் என்பதற்காகவே அரசாங்க பஸ் வரும்வரை பஸ் ஹோல்ட்டில் காய்ந்து நின்ற மூன்று பைத்தியங்கள் கண்டி மாவட்டத்தில் நாங்களாகத்தான் இருந்திருப்போம். சிவநேசன் அண்ணன் பூச்சிய டிக்கெட்டுகளை மட்டும் மூலையில் ஒரு இரகசிய மடிப்பு மடித்து டின்னுக்குள் போட்டதும், ஆறு வாரம் கழித்து நீ அதைக் கண்டுபிடித்ததும் நினைவிருக்கிறதா? "வங்கிக்காரர், இதுதானா ஒங்கட வேல?" என்று நீ கேட்க, மனிதர் கூசாமல் "ஓம் தங்கச்சி, பழகிப்போச்சு" என்றார். அந்த நாட்டில் அவரைப் பிடித்து ஒரு வாரம் கழுதை மேய்க்க விட்டாய்.

உன் நானா முதலில் சண்டை பிடிக்கத்தான் மாடிக்கு ஏறி வந்தார்.

"பெரிய மனிசர் மூணு பேர் சுத்தி இருந்து என்ன செய்றீங்க? மேசைல ஒண்டையும் காணல்ல?"

"இது ஒரு நாடு நானா. நான் நாட்டச் செல்லுவன். இவங்க அதுல நடப்பாங்க."

"பொறகு யாரு வெல்லுற?"

"யாரும் வெல்லுறல்ல."

"அப்ப என்னத்துக்கு?"

என்னத்துக்கு என்று பார்க்க உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. உப்பு வியாபாரியாகச் சேர்ந்துகொண்டார். ஒரு கழுதை வாங்க அவர் பேரம் பேசிய பேரத்தில் அஸர் தொழுகைக்கு நேரமாகி, கழுதையை நடுச்சந்தையில் நிறுத்திவிட்டு நீங்கள் இருவரும் தொழப் போனீர்கள். நானும் சிவநேசன் அண்ணனும் பிளேன்டீயை வைத்துக்கொண்டு கழுதைக்குக் காவலிருந்தோம்.

எந்த அமர்வையும் நீ ஒரே மாதிரித்தான் தொடங்குவாய். "கண்ண மூடுங்க. இப்ப கால்ல என்ன படுது?" நாங்கள் சொல்லவேண்டும். மணல், சேறு, சூடான கல். கால் பட்ட பிறகுதான் இடம். அமர்வு முடிந்ததும் நாங்கள் கண்டதையெல்லாம் பெரிய சீஆர் கொப்பியில், அந்தத் தடித்த அட்டை நோட்டில், எழுதுவாய். யாரும் நடக்காத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டாய். "போகாத எடத்தப் பத்தி எழுதப்படாது" என்பது உன் முதல் சட்டம். கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து போகிற பழைய வீதி நமது முதல் கணவாயானது. எட்டு வருஷத்தில் எட்டுக் கணவாய் தாண்டினோம். ஒன்பதாவது, நான் தின்ற மூலையில், வெள்ளையாகக் கிடந்தது.

நான் போகவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதாவது சாட்டுச் சொன்னேன். மழை என்றேன், கால் சுளுக்கு என்றேன். இல்லாத நாட்டில் இல்லாத காலுக்குச் சுளுக்கு! நீ ஒருபோதும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு வெட்கம். பத்தொன்பது வயதில் தோட்டத்தை விட்டு வந்தவள், அங்கிருந்து வந்ததையே கடையில் ஒருவருக்கும் சொல்லாதவள். விளையாட்டில் கூட அந்தப் பக்கம் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுதானது. கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்தார்கள். திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய். ஞாயிறுகள் குறைந்தன. அப்போதுதான் எனக்கு அந்த வெறி பிடித்தது. இந்த நாட்டைப் புத்தகமாக்கி உன் கையில் தந்துவிட வேண்டும். கொப்பிகள் ஆறையும் தட்டச்சு செய்தேன், வரைபடங்களைத் திருப்பி வரைந்தேன். இப்படிப்பட்ட விளையாட்டுகளை வெளியிடும் சின்னப் பதிப்பகம் ஒன்று சென்னையில் இருப்பதாகத் தேடிப் பிடித்து அனுப்பினேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. பதிப்பாசிரியர் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டிருந்தார்: ஒன்பது கணவாய் என்று பெயர் வைத்துவிட்டு எட்டுத்தானே இருக்கிறது? வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாவதை எழுதி அனுப்புங்கள்.

எழுதினேன். கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மூன்று நாளில். மூடுபனிக்கு மேலே வெள்ளிக் கோபுரங்கள், பளிங்குப் படிகள், வயதே ஆகாத மக்கள். உனக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். தலையணையில் சாய்ந்து எட்டு அத்தியாயங்களையும் சிரித்துச் சிரித்துப் படித்தாய். ஒன்பதாவதில் சிரிப்பு நின்றது.

"யாரு போன?" என்று கேட்டாய்.

"என்ன?"

"இங்க யாரு போன? கால்ல என்ன பட்டிச்சு?"

நீயே தாளைத் திருப்பி ஒரு வரியில் விரல் வைத்தாய்.

"வயசாகாத சனமா? தேயிலக் கற ஏறின ஒண்ட அம்மாட வெரலப் பத்தி நீ எனக்கு செல்லியிருக்கிற. அந்த வெரலு இதுல எங்க? இத வெளியில போடாத."

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். அவசரம், வெள்ளிக்கிழமை, மூன்று நாள் தூக்கமில்லை, எல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது. "உனக்கென்ன, படுத்துக்கொண்டு சட்டம் பேசுவாய். எனக்கு நேரமில்லை. உன் கையில் இதைத் தரவேண்டும் என்றுதானே நான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

நீ முடித்து வைத்தாய். "நான் மௌத்தாகுறதுக்கு முன்னால எண்டு செல்லத்தானே வாற?"

ஐயோ, உன் சாவை நீயே சொன்ன அந்தக் கேள்வி. இல்லை என்று பொய்யாவது சொல்லியிருக்கலாமே. தாள்களை அள்ளிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பதிப்பகத்துக்கு மட்டும், இப்போதைக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நாளைக்குப் போவோம், அடுத்த ஞாயிறு போவோம் என்று ரோஷத்தில் ஏழு கிழமை ஓட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை சிவநேசன் அண்ணன் போன் எடுத்தார். "தங்கச்சி, அவ போயிட்டா. கெதியா வாரும்."

கிடைத்த தனியார் பஸ்ஸில் தொற்றி ஏறினேன். உன் வீட்டுக்கு டிக்கெட் இல்லாமல் வந்த ஒரே நாள் அதுதான். வந்து சேரும்போது உன் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். பெண்கள் நிறைந்திருந்த அறையில் உன் கட்டில் வெறுமையாக இருந்தது. உன் உம்மா என் கையைப் பிடித்து, "ஒன்னத்தான் கேட்டுட்டே இருந்தா, மகள்" என்றார். அந்த வசனத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நாற்பது நாள் கழித்து நானா கூப்பிட்டார். "ஒனக்கு ஒரு சாமான் ஈக்கு. வந்து எடுத்துக்கோ." கடையின் கல்லாவுக்குப் பின்னால் நிற்கவைத்து ஏழாவது கொப்பியைத் தந்தார். அப்படியொன்று இருப்பதே எனக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் ‘ஒன்பதாவது கணவாய்’ என்று உன் சாய்ந்த எழுத்தில் தலைப்பு. கீழே ஒரு பஸ் டிக்கெட், டின்னுக்குள் போட மடிப்போமே அதேபோல் நான்காக மடித்துக் குண்டூசியால் குத்தியிருந்தாய். அதன் அடியில் இரண்டு வரி: ‘நான் எட்டித்தான் பார்த்தேன். போக வேண்டியது அவள்.’

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானாதான் சொன்னார். மடுல்கெல்ல பஸ் உங்கள் கடை வாசலால்தானே போகும்? நாம் சண்டை பிடித்து இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள், ஆஸ்பத்திரி இல்லாத நாளில், ஒருவருக்கும் சொல்லாமல் அதில் ஏறிப் போயிருக்கிறாய். பொழுதுபடத்தான் திரும்பினாயாம். நானா ஏசிய ஏச்சுக்கெல்லாம், "எனக்கு ஒரு எடத்தப் பார்க்க ஈந்திச்சு" என்று மட்டும் சொன்னாயாம்.

அடுத்த நாளே நான் போனேன். பன்வில தாண்டி, வளைவு வளைவாக, எத்தனை வருஷத்துக்குப் பிறகு! என் சித்தி இன்னும் அதே லயத்தில்தான், நான் வளர்ந்த வரிசைவீட்டில்தான், இருக்கிறார். என்னைக் கண்டதும் முதலில் உன்னைத்தான் கேட்டார்.

"அந்த முஸ்லிம் புள்ள எப்பிடி இருக்கு? வந்து ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு. நீ சின்னதுல எங்க வெளையாடுவ, ஒங்கம்மா எந்த மலையில கொழுந்து எடுத்தானு எல்லாத்தையும் கேட்டுச்சு. டீ குடுத்தா ரெண்டே மொடக்குதான் குடிச்சிச்சு. நம்ம வீட்டு டீ பிடிக்கலையோன்னு நெனைச்சேன்."

"அவளுக்குக் கிட்னி பழுது சித்தி. தண்ணிக்கு அளவு."

"அப்பிடியா? அப்ப அந்த ரெண்டு மொடக்கும் எனக்காகத்தான் குடிச்சிச்சா?" என்று சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லயத்துப் பீலிக்கரையில், மலைத்தண்ணி விழுகிற கல்லில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நின்றாயாம். நானும் போய் நின்றேன். அழுது தீர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அதற்கடுத்த ஞாயிறு மாடியறையில் கூடினோம். உன் கதிரையில் யாரும் உட்காரவில்லை. நாட்டைச் சொல்வது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எனக்குத் துணி அளக்கத்தான் தெரியும், கத செல்ல ஏலா" என்று முனகிக்கொண்டே நானா கொப்பியை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கண்ண மூடுங்க. இப்ப கால்ல என்ன படுது?" என்றார். நாங்கள் கண்ணை மூடினோம்.

"ஈரம்" என்றேன் நான். "பீலித்தண்ணி ஓடுற கல்."

அப்படித்தான் ஒன்பதாவது கணவாய்க்குள் கால் வைத்தேன். வாசலில் காவல். விருந்தாளியாக உள்ளே போக ஐந்துக்கு மேல் விழவேண்டும் என்றார் நானா. டின்னை நீட்டினார். நான் எடுக்கவில்லை. கொப்பியில் குத்தியிருந்த உன் டிக்கெட்டைக் கழற்றினேன். சிவநேசன் அண்ணன் பதறிப்போனார். "தங்கச்சி, யோசிச்சுச் செய்யும். பார்த்தால் கிழிக்க வேணும். அது அவ கடைசியாத் தொட்டது."

தெரியும். ஆனால் உன் சட்டத்தில் ஒன்றை மீறித்தானே உன்னை இழந்தேன்? மடிப்பைப் பிரித்தேன். மூன்று.

"தோத்துட்டாய்" என்றார் நானா, பாவமாக. பிறகு பழைய கொப்பியின் உள்ளட்டையைத் திருப்பி, உன் கடைசிச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்: ‘தோற்றால் கதை நிற்காது. வேறு வழியால் போகும்.’

பூச்சியம் விழுந்திருந்தால் வாசலால் விருந்தாளியாகப் போயிருப்பேன். மூன்று விழுந்ததால், தலையில் கூடையை மாட்டிக்கொண்டு, பனி அள்ளும் பெண்களின் வரிசையில் ஒளிந்து உள்ளே போனேன். அந்த நாட்டில் அவர்கள் விடியற்காலையில் மலையேறிப் பனியை அள்ளுகிறார்கள். பின்னேரம் நிறுவைக்கு வந்தால், தோட்டத்தில் கொழுந்துக்குக் கழிப்பதுபோலவே, ஈரத்துக்கென்று ஒவ்வொரு கூடையிலும் கொஞ்சம் கழிக்கிறார்கள். பனியில் ஈரக் கழிவு என்ன கழிவு என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவர்களுடைய விரல்கள் எல்லாம் நீலமாகக் கறையேறியிருக்கின்றன, கழுவினாலும் போகாது. நான் சொல்லச் சொல்ல நானா எழுதினார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளின் கையை அடையாளம் கண்டேன், அம்மாவின் கை. சிவநேசன் அண்ணன்தான் எழுந்து நின்று, "ஈரத்துக்கு எப்பிடி ஐயா ஈரம் கழிப்பியள்?" என்று நிறுவைக்காரனைக் கேட்டார். டின்னுக்குள் கையை விட்டார். அவருக்கு விழுந்தது ஒன்பது. இந்த முறை களவில்லை, நான் மடிப்பைப் பார்த்தேன்.

உன் டிக்கெட்டைக் கிழித்தேன். இரண்டாக, பிறகு நான்காக, எப்போதும்போல. துண்டுகளைக் கூட்டி நானா கடைக் குப்பையோடு போட்டார். அவருக்கும் கை வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

கோபுரங்களையும் பளிங்குப் படிகளையும் எடுத்துவிட்டுப் புதிய அத்தியாயத்தை அனுப்பினேன். பதிப்பாசிரியர் ஒரே இரவில் படித்துவிட்டுப் பேசினார். பஸ் டிக்கெட்டை மாற்றிக் கட்டை என்று போடலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்து, "சரி, எங்க ஊரு டிக்கெட்லயும் நம்பர் இருக்குங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

இன்றைக்கு நானா புத்தகத்தை வாங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, துணி பார்ப்பதுபோலத் தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். உன் பெயரில் விரல் நின்றது. "அவ இப்ப இதப் பாத்துட்டுத்தான் ஈப்பா, இல்லையா?" என்று கேட்டார். உன் உம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். சித்தி வேறு மாதிரிச் சொல்கிறார், சிவநேசன் அண்ணன் இன்னொரு மாதிரி. நீ இருக்கும் இடத்தில் வலி இல்லையாம், தண்ணீருக்கு அளவு இல்லையாம். ஆறு ஆறாக ஓடுகிறதாம். அப்படியே இருக்கவேண்டும் என்று நானும் ஆசைப்படுகிறேன். மனம் நிறைய நீ தண்ணீர் குடிக்கவேண்டும்.

ஆனால் உனக்கு எழுதும் இந்த மடலில் அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கமாட்டேன். நான் இன்னும் அங்கே போகவில்லை. காலில் என்ன படும் என்று எனக்குத் தெரியாது. இன்றைய பூச்சியத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு டின்னுக்குள் போடவேண்டும்.